நடுவுல இருக்கற மணி

ஜெயராமன்: அச்யுத்தா? நம்ம அச்யுத்தா? சும்மா சொல்லாதீங்க மேடம்.

மங்கை: நான் எங்க சொன்னேன்... அவனேன்னா சொல்றான். போன வாரம் துபாய்ல மேடையேறி, மைக்கைப் பிடிச்சுண்டு, "நான் தான் ராபின் ஹேல்"னுட்டான். நீங்க பேப்பரே பார்க்கறதில்லையா, ஜெயராமன்?

ஜெயராமன்: பார்த்தேன். பார்த்ததும் குடிச்ச காபி மூக்குல ஏறிடுச்சு. மைக்காங்கற கம்ப்யூட்டர் காசை உண்டாக்கின ஆளு... யாரு, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாம உலகமே தேடற ஆளு... அது நம்ம ஆபீஸ்ல மேசைக்கு அடியில காலை நீட்டித் தூங்கின அச்யுத்தா?

மங்கை: கொஞ்சம் மெதுவா பேசுங்கோ. நாலு பேர் நிக்கறா.

ஜெயராமன்: நிக்கட்டும். இந்த தர்ஷினி ஓட்டல்ல நின்னு இட்லி சாப்பிடறவன்ல பாதி பேர் கம்ப்யூட்டர் காசு வாங்கிக் கையைச் சுட்டுக்கினவன் தான். அவனுக்கு எங்க நம்ம பேச்சு காதுல விழப்போவுது... ஒரு காபியை ரெண்டாப் பிரிச்சு, ஒன் பை டூ சொல்லட்டா?

மங்கை: இன்னும் ஒன் பை டூ தானா?

ஜெயராமன்: இந்த அடுகோடித் தெருவுல நின்னுக்கினு முழு காபி குடிச்சா நம்ம முதலாளி ஆராவமுதன் சார் மேலேர்ந்து பார்த்து அங்கியே சம்பளத்தைப் பிடிச்சுடுவாரு.

மங்கை: பாவம், போனவரைப் போய்...

ஜெயராமன்: போனவர்னா நல்லவர்தான். கஞ்சன்னு சொல்லக்கூடாதா? அதோ, எதிர்ல பாருங்க. நம்ம ஆபீஸ் இருந்த மாடி. இப்ப பொண்ணுங்க தங்கற பி.ஜி. கீழ சில்வெஸ்டரோட லேத் பட்டறை இருந்த இடத்துல ஜிம்.

மங்கை: இறங்கினதுமே அதைத் தான் பார்த்தேன். அந்த ஜன்னல் மட்டும் அப்படியே இருக்கு... பச்சைப் பெயின்ட். லேத் ஓட ஆரம்பிச்சா மானிட்டரே ஆடும், இல்ல?

ஜெயராமன்: மானிட்டர் ஆடும், டம்ளர்ல தண்ணி ஆடும், ஆராவமுதன் சார் மட்டும் ஆடவே மாட்டாரு. "அது தாளம், ஓய், தாளம்"னுவாரு.

மங்கை: எண்ணெய் வாசனை மாடி வரைக்கும் வரும். என் புடவையெல்லாம் அந்த வாசனை. அம்மா கேட்பா, நீ சாப்ட்வேர் கம்பெனிக்குத் தான் போறியா, இல்ல மெக்கானிக் ஷெட்டுக்கான்னு.

ஜெயராமன்: பட்டறைக்காரங்களுக்கு பில் போடற சாப்ட்வேர் எழுதினோம். வாசனை வராம என்ன வரும்? ...சரி. ஜெயநகர்லேர்ந்து லீவு போட்டுட்டு வந்திருக்கீங்க. பதிமூணு வருஷத்துல ஒரு போன் கிடையாது. எண்ணெய் வாசனையைப் பத்திப் பேசவா வந்தீங்க?

மங்கை: ...லீனான்னு ஒரு பொண்ணு உங்களுக்குப் போன் பண்ணினாளா?

ஜெயராமன்: பண்ணாங்க. ராபினைப் பத்திப் படம் எடுக்கறாங்களாம். அச்யுத் சொல்றது நெசமான்னு கேக்கணுமாம். எங்க பார்க்கலாம்னாங்க. இங்கியே வாங்கன்னேன், பதினொரு மணிக்கு.

மங்கை: எனக்கும் பண்ணினா. அதான் முன்னாடியே வந்தேன். அவ கேட்டா... நீங்க என்ன சொல்லப்போறீங்க?

ஜெயராமன்: என்னத்தைச் சொல்றது? அச்யுத் ராபின்னா நான் மைசூர் மகாராஜான்னு சொல்வேன்.

மங்கை: அப்படிச் சொல்லாதீங்கோ.

ஜெயராமன்: ஏன்?

மங்கை: அவன் தான்னு சொல்லிடுங்கோ.

ஜெயராமன்: ...மேடம், உடம்பு நல்லாத்தானே இருக்கு?

மங்கை: வெளையாடாதீங்க. இதுவரைக்கும் மூணு பேர் சொல்லியாச்சு, நான் தான் ராபின்னு. போர்ச்சுகல்ல ஒரு வாத்தியார், கனடால ஒரு கிழவர், பூனேல ஒரு பையன். யாரும் நிக்கலை. ஆறு மாசம் பேசுவா, அப்பறம் வேற ஆள். அச்யுத் நிப்பான். அவன் அடுகோடில இருந்தவன்.

ஜெயராமன்: அடுகோடில இருந்தா?

மங்கை: லீனா அதைத் தான் கண்டுபிடிச்சிருக்கா. ராபின் அந்தக் காலத்துல நெட்ல எழுதினதெல்லாம் இருக்கே... எத்தனையோ இடத்துல பாதி வாக்கியத்துல நின்னு போயிருக்கும். அப்பறம் ரெண்டு மணி நேரம் கழிச்சு மிச்சம் வரும். எல்லாரும் என்ன சொன்னா? ரகசிய சங்கேதம்னா. தியானம் பண்றார்னுகூட ஒருத்தன் எழுதினான்.

ஜெயராமன்: தியானமா...

மங்கை: இவ என்ன பண்ணினா, அந்த நேரத்தையெல்லாம் எடுத்து, எந்த ஊர்ல எப்போ கரெண்ட் போச்சுன்னு பார்த்தா. அச்சு அசலா அடுகோடி.

ஜெயராமன்: சில்வெஸ்டர் கீழேர்ந்து கத்துவாரு, "கரெண்ட் ஹோய்த்து"ன்னு. அது தான் சங்கேதம்.

மங்கை: சிரிக்கற விஷயமில்லை, ஜெயராமன். அடுகோடின்னு தெரிஞ்சாச்சு. பில் சாப்ட்வேர் எழுதின ஒரு சின்ன ஆபீஸ்னும் தெரிஞ்சாச்சு. அங்க இருந்தது நாலு பேர். ஆராவமுதன் சாருக்குக் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணக்கூடத் தெரியாது. மிச்சம் மூணு பேர்.

ஜெயராமன்: அச்யுத், நான், நீங்க.

மங்கை: அச்யுத் இல்லைன்னு நீங்க சொல்லிட்டா...

ஜெயராமன்: மிச்சம் ரெண்டு. அதுல நான் வயர் பிடிச்சவன். கம்ப்யூட்டரைக் கழட்டுவேன், மாட்டுவேன். கணக்குப் போட்டுக் காசு பண்ண எனக்கு எங்க வரும்?

மங்கை: அதனால தான் சொல்றேன். வீணா நம்ம ரெண்டு பேர் வீட்டு வாசல்ல வந்து நிப்பா.

ஜெயராமன்: நின்னா என்ன? நான் இல்லை, நீங்க இல்லை. வாசல்ல நின்னா காபி குடுத்து அனுப்பிடலாம்.

மங்கை: காபி குடிக்கவா வருவா? ராபின் முதல்ல எடுத்து வச்ச காசு அப்படியே கிடக்கு, இன்னிவரைக்கும் யாரும் தொடலை. அதைத் திறக்கற சாவி, அந்த ரகசிய நம்பர், ராபின் கிட்ட தான் இருக்கும்னு உலகமே நெனைக்கறது. போன வருஷம் எங்கியோ ஒருத்தனைக் கடத்திண்டு போயிட்டா. அவன் ராபினா இருக்கலாம்னு ஒரு பேச்சு, அவ்வளவு தான். விரலை உடைச்சுட்டா. சாவி தொலைஞ்சு போச்சுன்னா யார் நம்புவா? ஒரு பொண்ணு ஹாஸ்டல்ல தனியா இருந்தா, அம்மாக்காரி எப்படித் தூங்குவா?

ஜெயராமன்: ...யாரோட அம்மாக்காரி?

மங்கை: சும்மா... ஒரு பேச்சுக்கு.

ஜெயராமன்: உங்க பொண்ணு ஸ்னேஹா எங்க படிக்கறா?

மங்கை: மணிப்பால். ரெண்டாவது வருஷம்.

ஜெயராமன்: குட்டியா இருந்தா. ஆபீஸ்ல என் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வாயில வெப்பா.

மங்கை: பேச்சை மாத்தாதீங்க.

ஜெயராமன்: மாத்தலை. அச்யுத்தும் மனுஷன் தானே. அவன் விரலுக்கு ஆபத்து இல்லையா?

மங்கை: அதை நான் யோசிக்காமலா? ராத்திரி பூரா யோசிச்சேன். அவன் இதைக் கேட்டு வாங்கிக்கறான், ஜெயராமன். துபாய்ல ரெண்டு தடியன்களைக் காவலுக்கு வச்சுண்டிருக்கான். போட்டோ பார்த்தேன், என்ன ஒரு சந்தோஷம் மூஞ்சில... அவனுக்கு அது வேணும். ராபினுக்கு வேண்டாம். வேணும்னா ராபின் எப்பவோ வந்திருக்க மாட்டாரா?

ஜெயராமன்: ராபின் போகும்போது என்ன எழுதிட்டுப் போனாரு?

மங்கை: "எனக்கு வேற வேலை இருக்கு, நீங்க பார்த்துக்குங்க"ன்னு.

ஜெயராமன்: நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க.

மங்கை: பேப்பர்ல போட்டிருந்தான்.

ஜெயராமன்: ஒண்ணு மட்டும் புரியலை. அந்தப் பூனே பையன், கீழ லேத் பட்டறை ஓடிச்சு, அதுக்கு மேல உக்காந்து எழுதினேன்னு சொன்னானாமே. போர்ச்சுகல் வாத்தியாரு, என் கம்ப்யூட்டர்ல பேட்டரி செத்துப் போச்சு, அதான் மைக்கால மணியைப் பத்தி ஒரு விதி வச்சேன்னாராமே. அவங்களுக்கு எப்படித் தெரியும்?

மங்கை: அதான் எனக்கும் பயம்மா இருந்துது. அச்யுத் எங்கியாவது உளறியிருப்பான்.

ஜெயராமன்: உளறியிருப்பான், உளறியிருப்பான். அது சரி, பேட்டரி நெசமாவே செத்து தானே கெடந்துது? கரெண்ட் போயிட்டு வந்தா கம்ப்யூட்டர் மணி ஜனவரி ஒண்ணாம் தேதிக்குப் போயிடும். வாட்ச் பேட்டரி மாதிரி சின்னது தான் மேடம், வாங்கித் தாங்கன்னு ஆராவமுதன் சார் கிட்ட எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். "மணி பார்க்க உனக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு, ஓய்"னாரு.

மங்கை: அப்படியே அவர் குரல்.

ஜெயராமன்: அப்புறம் நீங்க தான் மணியைத் திருப்பி வெப்பீங்க. ஒவ்வொரு தடவையும் மூணு பேரைக் கேட்டு.

மங்கை: ...அதெல்லாம் ஞாபகம் இருக்கா?

ஜெயராமன்: மறக்குமா? ஜன்னல்லேர்ந்து தலையை நீட்டி முதல்ல சில்வெஸ்டர். பட்டறைப் பசங்க சீக்கிரம் வீட்டுக்குப் போயிடக் கூடாதுன்னு அவரு கடிகாரத்தைப் பின்னாடி வச்சிருப்பாரு. அப்புறம் தெருவுல பூக்கார எல்லம்மா. அது ரேடியோ கேட்டுச் சொல்லும். கடைசியா நான். வீட்டுக்குப் போற ஒகலிபுரம் பஸ்ஸை விட்டுடக் கூடாதுன்னு என் வாட்ச்சு எப்பவும் முன்னாடி ஓடும்.

மங்கை: ஒருத்தர் பிந்துவார், ஒருத்தர் முந்துவார். நடுவுல இருக்கறதை எடுத்துண்டா தப்பே வராது.

ஜெயராமன்: மொபைல்ல பார்த்தா என்னன்னு அச்யுத் கிண்டல் பண்ணுவான்.

மங்கை: மொபைல்லயும் மணி யாரோ ஒருத்தர் வச்சது தானே.

ஜெயராமன்: இதே தான் சொன்னீங்க. அன்னிக்கும் இதே தான்... கார பன் சாப்பிட்டுக்கினே.

மங்கை: அந்த பேக்கரி இருக்கா?

ஜெயராமன்: இருக்கு. கார பன்ல காரம் தான் இல்லை. ...மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த நாளெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கரெண்ட் போனா வேலை இல்லை. நாலு பேரும் ஜன்னல் கிட்ட நிப்போம். நீங்க எதையாவது பேப்பர்ல கிறுக்கிக்கினே இருப்பீங்க. வாழ்க்கைல அப்புறம் நான் அந்த மாதிரி சும்மா நின்னதே இல்லை.

மங்கை: நானும் தான்.

ஜெயராமன்: அந்தப் பொண்ணு வந்துட்டாங்க போலிருக்கு. தோள்ல கேமரா பை.

மங்கை: ஜெயராமன்... நான் கேட்டது.

ஜெயராமன்: ஒண்ணு இருக்கு மேடம். ராபின் நீளமா ஒரு பதில் எழுதினாரே, எல்லாரும் இன்னிக்கும் சொல்றாங்களே, அந்த வாரம் அச்யுத் ஆபீஸ்லயே இல்லை. மேலுகோட்டைல அவன் தங்கச்சி கல்யாணம். லீவு கிடைக்காதுன்னு நான் தான் ஆராவமுதன் சார் கிட்ட அவனுக்கு அம்மைன்னு பொய் சொன்னேன். மூணு வாரம் உள்ளயே விடலை அவனை. இது தெரிஞ்ச ஒரே ஆள் நான்.

மங்கை: எனக்கும் தெரியும். அதனால தான் உங்களைத் தேடிண்டு வந்தேன்.

லீனா: வணக்கம் சார், லீனா. நீங்க மங்கை மேடம் தானே? ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கீங்க, எனக்கு வேலை மிச்சம்.

ஜெயராமன்: வாங்கம்மா. தமிழா, கன்னடமா?

லீனா: குக் டவுன்ல வளர்ந்தவ சார் நான். எதுல வேணா பேசலாம்.

ஜெயராமன்: காபி?

லீனா: இருக்கட்டும் சார். நேரா விஷயத்துக்கு வர்றேன். அச்யுத் சாரை நான் துபாய்ல மூணு நாள் பேட்டி எடுத்தேன். எல்லாம் பொருந்துது. ஆபீஸ், பேட்டரி, கரெண்ட். சாவி தொலைஞ்சு போச்சுங்கறார், சரி, அதை எல்லாரும் தான் சொல்றாங்க. ஒரே ஒரு இடம் இடிக்குது.

ஜெயராமன்: எந்த இடம்?

லீனா: ராபின் அந்த நீளமான பதிலை எழுதின வாரம். அடுகோடிலேர்ந்து தான் எழுதியிருக்காங்க, சந்தேகமே இல்லை. ஆனா அந்த வாரத் தேதி போட்டு ஒரு கல்யாண போட்டோ கிடைச்சிருக்கு. அதுல அச்யுத் சார் மேலுகோட்டைல பந்தியில பரிமாறிட்டு இருக்கார். அவரைக் கேட்டா, ஆபீஸ்ல தான் இருந்தேன், அம்மையெல்லாம் வரலைன்னு ஏதோ சம்பந்தமில்லாம சொல்றார். நீங்க சொல்லுங்க சார். அந்த வாரம் அவர் ஆபீஸ்ல இருந்தாரா?

ஜெயராமன்: போட்டோல தேதி எங்க இருக்கு?

லீனா: ஓரத்துல சார். கேமராலயே விழுந்திருக்கு, ஆரஞ்சு கலர்ல.

ஜெயராமன்: கேமராவுக்குத் தேதி யாரும்மா வச்சாங்க?

லீனா: போட்டோ எடுத்தவர் தான் சார்.

ஜெயராமன்: கேமரால பேட்டரி கழட்டிப் போட்டா தேதி என்னவா இருக்கும்? கல்யாண வீட்ல ஃப்ளாஷ் அடிச்சு அடிச்சு எத்தனை தடவை பேட்டரி மாத்துவான்? ராபினே என்ன சொல்லியிருக்காரு, ஒரு மெஷின் சொல்ற மணியை நம்பாதேன்னு தானே? அவரு படத்தை எடுக்கறீங்க, அவரு பேச்சையே கேக்க மாட்டேங்கறீங்களே.

லீனா: அப்போ கல்யாணம்?

ஜெயராமன்: கல்யாணம் நடந்துது. அதுக்கு முந்தின மாசம். நானும் போயிருந்தேன். புளியோதரை சாப்பிட்டது இன்னும் நாக்குல இருக்கு. நீங்க சொல்ற வாரம் அச்யுத் ஆபீஸ்ல தான் இருந்தான். எனக்குப் பக்கத்து மேசை.

லீனா: உறுதியா சொல்றீங்களா? கேமரா முன்னாடி சொல்வீங்களா?

ஜெயராமன்: போடுங்க கேமராவை.

லீனா: மேடம், நீங்க?

மங்கை: ஆமாம். இருந்தான்.

லீனா: கடைசியா ஒண்ணு. அந்த விதி... யாரோட மணியையும் தனியா நம்பாதே, அக்கம் பக்கத்துல கேட்டு நடுவுல இருக்கறதை எடுத்துக்கோங்கறது. அதைப் பத்திப் பெரிய பெரிய புரொபசர்ங்க புஸ்தகமே எழுதியிருக்காங்க. பேட்டரி செத்ததுலேர்ந்து அந்த யோசனைக்கு எப்படிப் போனாங்க? அச்யுத் சார் "தோணிச்சு"ங்கறார், அவ்வளவு தான்.

ஜெயராமன்: தோணிச்சுன்னா சொன்னான்? அடக்கம். ஜன்னல்ல தலையை நீட்டி மூணு பேரை மணி கேப்பான்மா அவன். கீழ லேத்துக்காரரை, பூக்காரம்மாவை, என்னை. நடுவுல இருக்கறதைக் கம்ப்யூட்டர்ல வெப்பான். தெனமும் பார்த்திருக்கேன்.

லீனா: ...சார். இது தான் சார். இது ஒண்ணு போதும் எனக்கு. நாளைக்கு எதிர்ல அந்த ஜன்னல் கிட்ட வச்சு இதை எடுத்துடலாமா? இப்பவே போய் பி.ஜி.காரங்க கிட்ட கேட்டுட்டு வந்துடறேன். ரொம்ப தேங்க்ஸ் மேடம். பதினஞ்சு வருஷக் கதை முடிஞ்சுது.

ஜெயராமன்: போயிட்டு வாங்கம்மா. பார்த்து கிராஸ் பண்ணுங்க. ...மேடம், காபி ஆறிப்போச்சு. வேற சொல்லட்டா? முழுசாவே சொல்றேன்.

மங்கை: மூணு பேரைக் கேட்டது நான்னு சொல்லலை நீங்க.

ஜெயராமன்: இல்லை.

மங்கை: அந்த விதியைப் பத்திப் படிச்சப்பவே உங்களுக்கு...

ஜெயராமன்: படிச்ச அன்னிக்கே. ஒகலிபுரத்துல பஸ் ஸ்டாப்ல நின்னு பேப்பர்ல படிச்சேன். மூணு பஸ்ஸை விட்டுட்டு அப்படியே நின்னேன்.

மங்கை: யார் கிட்டயும்...?

ஜெயராமன்: வீட்ல சம்சாரம் காந்தா கிட்டகூடச் சொல்லலை.

மங்கை: எங்காத்துல இவருக்கே தெரியாது. ...எனக்கு அழுகை வர்றது, ஜெயராமன். இத்தனை வருஷமா ஒவ்வொரு தடவை கேட் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய் ஜன்னல் வழியா பார்ப்பேன். சாவி நிஜமாவே இல்லை. எந்தக் குப்பையோட போச்சோ. அதை எவன் நம்புவான்? அவ்வப்போது எவனாவது "நான் தான்"னு கிளம்புவான், கொஞ்ச நாள் நிம்மதியா தூங்குவேன். அப்போ கூட, அவனுக்கெல்லாம் லேத் பட்டறை எப்படித் தெரிஞ்சுதுன்னு...

ஜெயராமன்: ஹோகலி பிடி, போகட்டும் விடுங்க. அழாதீங்க. நாலு பேர் நிக்கறாங்கன்னு நீங்க தானே சொன்னீங்க.

மங்கை: அச்யுத் உளறலை, இல்ல?

ஜெயராமன்: அவனுக்கு லேத்துன்னாலே என்னன்னு தெரியாது.

மங்கை: ஜெயராமன்.

ஜெயராமன்: "நான் தான் ராபின்"னு சொல்றவன் எல்லாம் மெயில் ஐ.டி.யை ஊருக்கே குடுத்து வச்சிருக்கான். பேர் போடாம ஒரு வரி எழுதிப் போட்டேன். வாத்தியாருக்கு பேட்டரி. பூனே பையனுக்கு லேத். நெசம் கொஞ்சம் கலந்தா தானே நாலு பேர் அவங்க பின்னாடி போவாங்க, இங்க வராம? லீனா கரெண்ட்டைத் தேடி அடுகோடிக்கே வர்றாங்கன்னு பேப்பர்ல பார்த்ததும், வெளியூர்க்காரன் உதவ மாட்டான்னு... போன மாசம் துபாய்க்குப் போன் போட்டேன். "டேய் அச்யுத், ராபின்னு ஒருத்தன் இருக்கானாம், மறுக்க ஆளே இல்லையாம், நீ சொன்னா என்ன"ன்னு.

மங்கை: அப்போ காலைல... "நம்ம அச்யுத்தா"ன்னு வாயைப் பொளந்துண்டு... இத்தனை நேரம் என்னைக் கெஞ்ச வச்சு...

ஜெயராமன்: நீங்களா வந்து பேசி பதிமூணு வருஷமாச்சு. உடனே சரின்னுட்டா கிளம்பிடுவீங்க. கொஞ்ச நேரம் ஜன்னல் கிட்ட நின்ன மாதிரி இருக்கட்டுமேன்னு தான்.

மங்கை: ...மூஞ்சி கழுவிண்டு வந்துடறேன். மத்தியானம் ஆபீஸ் போகணும். மணி என்ன ஆறது, ஜெயராமன்?

ஜெயராமன்: என் வாட்ச்சுல பன்னெண்டு ஆவுது. இன்னும் ரெண்டு பேரைக் கேட்டுட்டு நடுவுல இருக்கறதை எடுத்துக்குங்க, ராபின்.